காதலர் தினமும் பதினெட்டு வெத்திலையும்

தீசிஸ் எழுதுகிறேன் பேர்வழி என்று ரொம்ப நாளாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. தீசிஸும் நகரவில்லை என்பது தனிக்கதை. இது 2025 பிப்ரவரியில் நடந்தது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காகித வேலை செய்யப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் உபயோகப்படும். மற்றவர்கள் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம் :-)

மொன்றியலில் நான் இருப்பது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் எல்லோருக்கும் டி.டி.ஓ. யூனிவர்சிட்டி டவுன்டவுனில். பஸ், மெட்ரோ, மறுபடி நடை என்று தினமும் ஒரு யாத்திரை. இருந்தும் இங்கேயே கிடக்கக் காரணம் இரண்டு. ஒன்று வாடகை, இன்னொன்று இந்த ஊரிலேயே இருக்கிற முருகன் கோயில். (சாம்பார் சாதத்துக்காகத்தான் போகிறேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.) வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நான் அவர்கள் பேஸ்மென்ட்வாசி. வீட்டுக்கார அக்கா சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறார். பிப்ரவரி 7, வெள்ளி ராத்திரி, காய்ச்சலும் கம்பளியுமாகப் படியிறங்கி வந்தார்.

"நாளைக்கு மட்டும் என்ர வகுப்பைப் பார்ப்பியே பிள்ளை? படிப்பிக்க வேண்டாம். ஏதும் வெட்டி ஒட்டுற வேலை குடுத்தால் காணும்."

வெட்டி ஒட்டுகிற வேலைதானே, நமக்குத் தெரியாததா என்று தலையாட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் பதினாலாம் தேதி. இங்கே பள்ளிக்கூடங்களில் அது சேன்-வாலந்தேன். நம் ஊரில் இந்த நாள் வந்தால் நாய்க்கும் கழுதைக்கும் கல்யாணம் பண்ணிவைத்து எதிர்ப்புத் தெரிவிப்பார்கள். 2023-இல் மத்திய அரசின் விலங்கு நல வாரியம் அன்றைக்குப் பசுவைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, சில நாளிலேயே அந்த வேண்டுகோளை வாபஸ் வாங்கிக்கொண்டது. இங்கே நிலவரம் வேறு. கடைகளில் பெரியவர்களுக்கான ரோஜாவும் சாக்லேட்டும் இருக்கும்தான். ஆனால் வகுப்பறையில் அது கத்தரிக்கோலும் பசையுமாகக் குழந்தைகள் கொண்டாடுகிற நாள். பல பள்ளிகளில் முன்கூட்டியே வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். கார்டு கொடுப்பதாக இருந்தால் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம். இந்த ஏற்பாடு ஏன் என்று புரிய 1975-இல் வந்த சார்லி பிரவுன் வாலன்டைன் கார்ட்டூனைப் பார்த்தால் போதும். பாவம், அந்தப் பையன் கார்டு வாங்கிப் போக ஒரு பெட்டியையே தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவான். ஒன்றுகூடக் கிடைக்காது. அதைப் பார்த்து மனசு கேட்காமல் நிஜக் குழந்தைகள் அவனுக்குக் கார்டு அனுப்பினார்களாம்.

சனிக்கிழமை காலை டாலராமாவுக்குப் போய் சிவப்பு, வெள்ளை, ரோஸ் நிறங்களில் கெட்டித் தாள், முனை மழுங்கிய கத்தரிக்கோல், பசைக்குச்சி எல்லாம் அள்ளிக்கொண்டு போனேன். ஆறிலிருந்து ஒன்பது வயது வரை பன்னிரண்டு வாண்டுகள். வெளியே குளிர் என்பதால் பெற்றோர் சிலரும் ஹாலின் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வேகமாகப் போர்டில் எழுதினேன்: காதலர் தின வாழ்த்து அட்டை.

அவ்வளவுதான். முன்வரிசையில் முன்பல் விழுந்த பெடியன் "ஐயோ ரீச்சர், லவ்வு!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான். பின்பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார்.

"என்ன தங்கச்சி இது? ஏழு வயசுப் பிள்ளைக்குக் காதல் மட்டையோ? உதுக்கோ நாங்கள் தமிழ் வகுப்புக்கு விடுறனாங்கள்?"

அந்த முருகனே வள்ளியைக் காதலித்துக் கட்டியவர்தானே அக்கா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் தப்பு என்னுடையது. இங்கிலீஷில் இருக்கிற அந்த ஒரு சொல் அம்மா, நாய்க்குட்டி, ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் போதும். பிரெஞ்சிலும் ஏறக்குறைய அப்படித்தான். நாம் 'காதலர் தினம்' என்று மொழிபெயர்த்தோமே, அங்கேதான் சிக்கல். அந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்கு 1999-இல் வந்த கதிர் படம் ஞாபகம் வரும், பிள்ளைகளின் அம்மாக்களுக்கு வேறென்னவெல்லாமோ ஞாபகம் வரும். ஃபின்லாந்துக்காரர்கள் சாமர்த்தியசாலிகள், பிப்ரவரி 14-க்கு அவர்கள் மொழியில் பெயர் 'நண்பர் நாள்'.

அந்த அக்கா கோபப்பட்டபோது எனக்குக் கோபம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எட்டாம் வகுப்பு படிக்கும்போது என் சிநேகிதியின் அப்பாவுக்குத் திடீரென்று மாற்றலாகிவிட்டது. பிப்ரவரி மாதம். போகிறவளுக்குக் கொடுக்க நோட்டு அட்டையில் ஒரு இதயம் வெட்டி, சிவப்பு ஸ்கெட்ச் அடித்து, "மறந்துடாதே" என்று எழுதிப் பையில் வைத்திருந்தேன். மாட்டிக்கொண்டேன். எந்தப் பையனுக்கு என்று கேட்டார்கள். அவளுக்குத்தான் என்று சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ் ரூம் வாசலில் நிற்கவைத்து, அப்பாவை வரச்சொல்லி, அவர் முன்னாலேயே அதைக் கிழித்தார்கள். அவள் மறுநாள் வண்டியேறிவிட்டாள். தேதிகூடப் பதினாலு இல்லை, பன்னிரண்டு! ஒரு வடிவத்துக்கு இவ்வளவு பயம்.

ஆகவே போர்டை அழித்தேன். "சரி அக்கா, வேற ஏதாவது செய்யலாம், பூ வெட்டலாம்" என்றேன். அப்போது அந்த அம்மாவின் மகள், ஏழு வயசு, அதுவரை வாயே திறக்காதவள், ஜாக்கெட் பாக்கெட்டிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பிரெஞ்சில் பெயர்கள், மொத்தம் பதினேழு. மேலே இரண்டு வரிக் குறிப்பு.

அவர்கள் கனடா வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கியூபெக்கில் 1977 சட்டப்படி குடிவந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். மொழி தெரியாமல் வருகிறவர்களுக்கு 'அக்கேய்' என்று வரவேற்பு வகுப்பு இருக்கிறது. இவள் அதில். தாள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிவிட்டது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, பாக்கெட்டிலேயே கிடந்திருக்கிறது. என் பிரெஞ்சு சூப் டப்பாவில் எழுதியிருப்பதை வாசிக்கிற அளவு. இருந்தாலும் இது புரிந்தது. எல்லோருக்கும் கொண்டுவாருங்கள், அல்லது ஒருவருக்கும் வேண்டாம், தின்பண்டம் கூடாது.

"பள்ளிக்கூடமே கேட்டதோ?" என்றார் அந்த அக்கா. குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் மேசையில் கிடந்த சிவப்பு இதயத்தைத் தொடவில்லை.

தீர்த்துவைத்தது நானில்லை. முன்பல் பெடியனின் அம்மம்மா. பின்னால் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தவர் மெல்ல வந்து, நான் மாதிரிக்கு வெட்டி வைத்திருந்ததைக் கையில் எடுத்துத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார்.

"இது வெத்திலையெல்லோ பிள்ளை. காம்பு ஒண்டு கீறிவிடு."

பச்சை பென்சிலால் காம்பும் நடுநரம்பும் கீறினேன். சத்தியமாக வெத்திலை! கல்யாணம், பூசை, விருந்து என்று தட்டுத்தட்டாக வைத்து யார் வந்தாலும் நீட்டுகிற அதே வடிவம். அந்த அக்கா சிரித்துவிட்டார். அப்புறம் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கள் வகுப்பில் யாரும் 'ஹார்ட்' வெட்டவில்லை. வெத்திலைதான் வெட்டினோம்.

இனி செய்முறை. ஒரு கெட்டித் தாளை நான்காக வெட்டினால் நாலு கார்டு. துண்டை நடுவில் மடித்து, மடிப்புப் பக்கமாகப் பாதி இலை வரைய வேண்டும். பாதி இலை பார்க்கக் காது மாதிரி இருக்கும், "காது வரைங்க" என்றால் ஆறு வயசுக்கும் புரிகிறது. மிகப் பெரிய விபத்து நடக்கிற இடம் இதுதான். திறந்திருக்கிற பக்கத்தில் காதை வரைந்து வெட்டினால் இரண்டு தனித்தனிப் பாதிகள் கையில் வரும். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் அப்படித்தான் வெட்டினார்கள். தடுக்க ஒரே வழி, கத்தரிக்கோல் பிடிக்காத கையால் மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வது. கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லுங்கள், வளைவு ஒழுங்காக வரும். இடதுகைப் பிள்ளைக்குச் சாதாரணக் கத்தரிக்கோல் கொடுத்தால் வெட்டாது, கசக்கும், அந்தப் பிள்ளை தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அதற்கென்று தனியாக ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இரண்டாகப் போனதை முன்பல் பெடியன் டேப் போட்டு ஒட்டி "ஒப்பரேஷன்" என்று பேர் வைத்தான். அதற்கப்புறம் நன்றாக வெட்டியவர்கள்கூட ஒப்பரேஷன் வேண்டுமென்று நடுவில் வெட்ட ஆரம்பித்தார்கள்.

கத்தரிக்கோல் சரிப்படாத குட்டிகளுக்கு முத்திரை. கிச்சன் டவல் சுற்றிவரும் அட்டைக் குழாயைக் குட்டையாக வெட்டி, ஒரு பக்கத்தை விரலால் உள்ளே அழுத்தி, எதிர்ப்பக்கத்தைக் கூராக மடித்து, டேப் சுற்றிவிட்டால் முனை இதய வடிவத்தில் நிற்கும். தட்டில் மெல்லிசாகப் பெயின்ட். தோய்த்து ஒற்ற வேண்டியதுதான். பெயின்ட் அதிகமானால் உள்ளே நிரம்பி வெறும் உருண்டையாக விழும். மினுக்குத் தூள் பக்கம் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். என் லேப்டாப் கீபோர்டில் இன்னமும் மினுங்குகிறது.

பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்ததுதான் நிஜமான வேலை: பின்னல் இதயம். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற சமாச்சாரம். கிடைத்திருப்பதிலேயே பழையது எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-இல் செய்தது. ஓடென்ஸ் ஊரில் வைத்திருக்கிறார்கள். இரண்டு நிறத்தில் 5 செ.மீ. அகலம், 16 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டை. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 8. மடிப்பில்லாத முனையை அரைவட்டமாக வெட்ட வேண்டும். மடிப்புப் பக்கத்திலிருந்து உள்நோக்கி, சம இடைவெளியில், ஐந்தரை செ.மீ. ஆழத்துக்கு நேராக இரண்டு வெட்டு. இப்போது ஒவ்வொன்றிலும் மூன்று வளையம். அகலம் ஐந்து, வெட்டு ஐந்தரை என்பதைக் கவனிக்கவும். அந்த அரை இல்லாவிட்டால் கடைசி வரிசை நுழையாமல் கிழியும். பின்னுவது பாய் மாதிரி மேலே கீழே இல்லை. சிவப்பின் முதல் வளையம் வெள்ளையின் முதல் வளையத்துக்குள்ளே புக வேண்டும். இரண்டாவது வெள்ளையைத் தனக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவதுக்குள் மறுபடி புக வேண்டும். அடுத்த வரிசை இதற்கு எதிர். முடித்தால் மேலே வாய் திறக்கிற ஒரு குட்டிப் பை. அதற்குள் சீட்டு வைக்கலாம்.

முந்தின ராத்திரி இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை மணி நேரமும் ஆறு பட்டைகளும் ஆயின. பிள்ளைகளுக்கு விளக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். அம்மம்மா என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒருமுறை பிரித்துப் பார்த்தார். "நீத்துப்பெட்டி இழைச்ச கைக்கு உதென்ன" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் முடித்து என்னிடம் கொடுத்தார். (நம் ஊர்க்காரர்களுக்கு: நீத்துப்பெட்டி என்பது பனையோலையில் கூம்பாக இழைத்தது, பிட்டு அவிக்கிறது அதில்தான்.) அப்புறம் பெரிய பிள்ளைகள் நால்வரும் என் மேசையைக் காலி பண்ணிவிட்டு அவரிடம் போய்விட்டார்கள். ஓலை என்றால் ஈரம் காயும் முன்னால் இழைக்க வேண்டும், தாள் எப்போது வேண்டுமானாலும் இழைக்கலாம், ஆனால் தாளுக்கு வாசம் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கையால் செய்வதெல்லாம் பழைய காலத்து வெகுளித்தனம் என்று நினைக்க வேண்டாம், இதில் வியாபாரமும் பழசுதான். அமெரிக்காவில் வூஸ்டர் ஊரைச் சேர்ந்த எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண், 1840-களின் கடைசியில், சிநேகிதிகளை வீட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒருத்தி வெட்ட, ஒருத்தி ஒட்ட என்று கார்டு செய்து விற்று நல்ல காசு பார்த்தார். கடைசி வரை அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

வெட்டியாகிவிட்டது. உள்ளே என்ன எழுதுவது? 'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் லீவ் லெட்டர் வாசம் வருகிறது. 'நேசிக்கிறேன்' என்றால் பிள்ளைகள் கெக்கலித்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் பெரிய சொல்லெல்லாம் வேண்டாம், அந்த ஆள் உனக்கு என்ன செய்தான், அதை எழுது என்றேன். அந்த ஏழு வயசுக்காரி தன் பட்டியலை எடுத்தாள். அவளுக்கு உறுதியாகத் தெரிந்த பிரெஞ்சு வார்த்தை 'மெர்சி'. எல்லா வெத்திலையிலும் மெர்சி, அடியில் தமிழில் ஒரு வரி, வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு படம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பெயராக நான் வாசிக்க, அவள் யோசிக்காமல் சொல்லச் சொல்ல, அம்மா தாளில் எழுதிக் காட்ட, பார்த்து எழுதினாள். 'என்ர கையுறையை எடுத்துத் தந்தாய்.' 'பஸ்ஸில் இடம் விட்டாய்.' 'நான் அழுதபோது சிரிக்கேல்லை.' 'உன்ர ஸ்னோபேன்ட் சிப்பை நான் பூட்டிவிட்டனான்.' 'நீ எனக்குச் சிவப்பு எண்டதுக்கு ரூஜ் எண்டு சொல்லித் தந்தாய்.'

ஐந்து மாதமாக வகுப்பில் பேசாமல் இருந்த பிள்ளை, ஒருத்தர் விடாமல் எல்லோரையும் கவனித்து வைத்திருந்தாள். அவள் அம்மா எழுதுவதை இரண்டு தடவை நிறுத்தினார். நான் கத்தரித்த தாள் துண்டுகளைப் பொறுக்குகிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.

பதினாலாவது பெயரில் நின்றாள்.

"இவனுக்கு வேண்டாம். தள்ளி விட்டவன்."

எல்லோருக்கும், அல்லது ஒருவருக்கும் வேண்டாம். ரூலைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா வற்புறுத்தவில்லை, நானும்தான். தள்ளிவிட்டவனுக்கும் கார்டு கொடு என்று ஒரு குழந்தையைச் சொல்ல வைக்கிற இந்த ரூல் சரியா என்று எனக்கு அந்த நிமிஷம் சந்தேகம் வந்தது. இப்போதும் இருக்கிறது. மற்ற மூன்று பெயர்களையும் முடித்துவிட்டுத் தானாகவே அந்த வெத்திலைக்குத் திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். 'நீ வேகமா ஓடுவாய்' என்று எழுதினாள். ஒரு சப்பாத்து வரைந்தாள். அதில் 'மெர்சி' எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. பதினெட்டாவது அவளுடைய மதாமுக்கு, அதாவது ரீச்சருக்கு.

அந்த வாரம் மொன்றியலில் இருந்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். 13-ஆம் தேதி ஒரு பனிப்புயல், 16-ஆம் தேதி இன்னொன்று, நாலு நாளில் 70 செ.மீ.க்கு மேல். வாசல் படிக்கட்டே காணாமல் போய் நானும் வீட்டுக்கார அண்ணாவும் மாறி மாறி மண்வெட்டி பிடித்தோம். வெத்திலைகள் செருப்புப் பெட்டிக்குள் காத்திருந்து, எல்லாம் அடங்கிய பிறகுதான் பள்ளிக்குப் போயின. அடுத்த வகுப்புக்குக் காய்ச்சல் விட்ட அக்காவுடன் நானும் ஒட்டிக்கொண்டு போனேன், விசாரிக்கத்தான். பெட்டி திரும்ப நிரம்பி வந்ததாம். தள்ளிவிட்டவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. சப்பாத்துப் படத்தைத் தன்ர சப்பாத்துக்குப் பக்கத்தில வச்சுப் பார்த்தவன்."

ஐந்து தாளில் இருபது வெத்திலை வெட்டியிருந்தோம். பதினெட்டு போக மிச்சம் இரண்டு. ஒன்றை எழுதி என்னிடம் கொடுத்தாள்: 'ரீச்சர், நீங்கள் தாளை வாசிச்சனீங்கள்.' படம், எட்டாக மடித்த ஒரு தாள். மற்றது எழுதாமல் என் மேசை டிராயரில் இருக்கிறது. என் எட்டாம் வகுப்புச் சிநேகிதி இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அவள் தம்பியிடம் அட்ரஸ் கேட்டிருக்கிறேன்.

டிஸ்கி: போர்டில் எழுத 'காதலர் தினம்' இல்லாமல் வேறு நல்ல தமிழ்ப் பெயர் இருந்தால் யாராவது சொல்லுங்கள். 'வெத்திலை தினம்' என்று முன்பல் பெடியன் சொல்லிவிட்டான், அதைத் தவிர.